வேலிப் பொட்டு

பெரியம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போன நேரத்தில், ரீவீ மேசைக்குக் கீழே கிடந்த கமராப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. மத்தியானம் திரும்பி மூன்று மணி. ரொறன்ரோவில் இன்னும் விடியவில்லை, மகன் நித்திரையாக இருப்பான். வீட்டைச் சுற்றியிருக்கும் நாலு கமராக்களையும் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் பெட்டியின் பின்பக்கத்துப் பச்சை லைற் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது.

"பன்ரெண்டாம் திகதியோட பக்கேஜ் முடிஞ்சு போச்சு தம்பி," என்று குசினிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "நான் உதில என்னத்தைப் பார்க்கிறன்? பேத்தியோட வீடியோ கோல் கதைக்கிறது மட்டுந்தானே. பின்வளவுப் பெடியன் பாஸ்வேட்டைத் திருடிட்டான் எண்டு இவன் அங்கையிருந்து கத்துறான்."

பின்வளவுப் பெடியன் நிரபராதி. ரவுட்டரின் பக்கத்தைக் கைபேசியில் திறந்தேன். எந்தெந்தச் சாமான் வெளியே யாரோடு தொடர்பில் இருக்கிறது என்று காட்டும் பட்டியல் அதில் இருக்கும். இப்படி ஒரு வீட்டுக்குச் சாதாரணமாகக் கொஞ்ச வரிதான் வரும். இங்கே பக்கம் முடியவே இல்லை. கமராப் பெட்டியிலிருந்து நூற்றுக்கணக்கான விலாசங்களுக்கு, ஒரு விலாசம் போல இன்னொன்று இல்லாமல், வரிவரியாக. எல்லா வரிகளின் கடைசியிலும் ஒரே இலக்கம்: 23.

தேத்தண்ணி வந்தது. சீனி இல்லாத வெறும் தேத்தண்ணியும், கடிக்கப் பனங்கட்டித் துண்டும். "பெட்டிக்கு வைரஸ் பெரியம்மா" என்றேன். "கமராவுக்குமோ?" என்று கேட்டா. அந்தக் கேள்வி நியாயமானது, ஏனென்றால் அதைக் கமரா என்று சொல்லித்தான் விற்றார்கள். கொம்பியூட்டர் என்று சொல்லியிருந்தால் அவவே பயந்திருப்பா.

கமராப் பெட்டி, ரவுட்டர், இப்போது வரும் ரீவீ எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு சின்னக் கொம்பியூட்டர் இருக்கிறது. பெரும்பாலும் லினக்ஸ். திரையும் விசைப்பலகையும் இல்லாததால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. ஆனால் இணையத்தில் அதற்கு ஒரு விலாசம் உண்டு, அந்த விலாசத்துக்கு 65,535 வாசல்கள் உண்டு. 23 என்பது டெல்நெட் என்ற பழைய முறைக்கான வாசல். தொடக்கம் 1969. தூரத்தில் இருக்கும் கொம்பியூட்டருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க உண்டாக்கியது. பூட்டென்றால் ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் மட்டும். பெரியம்மாவின் பெட்டி செய்துகொண்டிருந்தது, உலகமெல்லாம் இருக்கிற 23ஆம் இலக்கப் படலைகளைத் தட்டிப் பார்ப்பது. அதற்கும் முதல் யாரோ இதன் படலையைத் தட்டியிருக்கிறார்கள்.

"கோப்பாய்க்கு வந்து என்ர கோழிக்கூட்டைப் பார்க்க ஆருக்கு மோனை அவசரம்?"

இதே கேள்வியைப் படித்தவர்களும் கேட்கிறார்கள். ஒதுக்குப்புறமாக இருக்கிறோம், எங்களை யார் தேடி வரப்போகிறார்கள் என்று. (1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடித்தபோது சங்கிலி அரசனும் கோப்பாய்க் கோட்டைக்குத்தான் பின்வாங்கினான். அங்கேயும் துரத்திக்கொண்டு வந்தார்கள்.) இணையத்தில் ஒதுக்குப்புறம் என்று ஒரு இடமே கிடையாது. பழைய கணக்கில் இணைய விலாசங்கள் மொத்தம் ஏறக்குறைய 429 கோடி. பெரிய எண்தான், ஆனால் எல்லை உள்ள எண். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஸீமாப் என்று ஒரு கருவி செய்தார்கள். நல்ல இணைப்புள்ள ஒரேயொரு கொம்பியூட்டரிலிருந்து அந்த விலாசங்கள் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம். அவர்கள் அதைச் செய்தது ஆராய்ச்சிக்கு. கள்ளனுக்கும் அதே கணக்குத்தான். அவன் கோப்பாயைத் தேடி வரவில்லை, ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறான். உங்களுடைய முறையும் வரும்.

இதை ஊரறியச் செய்தது மிராய். 2016இல் அமெரிக்காவில் மூன்று இளைஞர்கள் எழுதிய தீநிரல். பெயர் யப்பான் மொழியில் எதிர்காலம் என்று பொருள்படும். தொடங்கியது பிள்ளைகள் விளையாடும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் சேவர்களை நடத்துபவர்கள் ஒருவரையொருவர் விழுத்தும் வியாபாரப் போட்டியில். அதன் சூத்திரம் வெட்கப்படும் அளவுக்கு எளிது: 23ஆம் வாசலைத் தட்டு, கையிலிருக்கும் அறுபது சொச்சப் பெயர், கடவுச்சொல் சோடிகளில் சிலவற்றைப் போட்டுப் பார், திறந்தால் உள்ளே போ. அந்தச் சோடிகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியவை. அட்மினுக்கு அட்மின், ரூட்டுக்கு 12345 போன்றவை.

அதில் ஒன்றைக் கிட்டப் பார்க்க வேண்டும். ரூட் என்ற பெயரும் எக்ஸ்சி3511 என்ற கடவுச்சொல்லும். பார்த்தால் யாரோ யோசித்து வைத்த நல்ல சொல் போல இருக்கும். ஆனால் சீனாவின் சியோங்மாய் நிறுவனம் செய்த பலகைகள் எங்கெங்கே போயினவோ, எந்தெந்தப் பெயரை ஒட்டி விற்கப்பட்டனவோ, அவற்றில் எல்லாம் இதே சொல்தான். அதைவிட மோசமானது, வீட்டுக்காரர் திரையில் போய்த் தன்னுடைய கடவுச்சொல்லை மாற்றினாலும் இது மாறாது. இது வேறொரு வாசலுக்குரிய திறப்பு, பெட்டிக்குள் பிறப்பிலேயே எழுதி வந்தது. வாங்கினவருக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது.

உள்ளே போன மிராய் என்ன செய்யும் என்பது எனக்கு இன்னும் வியப்பு. தன் கோப்பை உடனே அழித்துவிட்டு நினைவகத்தில் மட்டும் இருந்துகொள்ளும். தான் வந்த வாசலைத் தனக்குப் பின்னால் சாத்திவிடும், இன்னொரு கள்ளன் வரக்கூடாது என்று. ஏற்கெனவே வேறு தீநிரல் இருந்தால் அதைத் தேடிக் கொல்லும். பிறகு மற்றவர்களின் படலையைத் தட்டத் தொடங்கும், எசமானின் கட்டளைக்குக் காத்திருக்கும். கமரா வழக்கம்போல் படம் காட்டும். வீட்டுக்காரருக்குத் தெரிவது கொஞ்சம் சூடு, கொஞ்சம் மந்தம், சீக்கிரம் தீர்ந்துபோகும் பக்கேஜ். உச்ச நிலையில் கிட்டத்தட்ட 6 லட்சம் சாமான்கள் இப்படி அடிமையாகக் கிடந்தன. 2016 ஒக்ரோபர் 21ஆம் திகதி மிராய் கூட்டம் அமெரிக்காவின் டைன் என்ற நிறுவனத்தின் மீது ஒன்றாக விழுந்தது. இணையத்தளப் பெயர்களை விலாச எண்களாக மாற்றிக் கொடுக்கும் நிறுவனம் அது. ருவிற்றர், நெற்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குப் பல மணிநேரம் திறக்கவில்லை. அடிமைப் பெட்டி ஒவ்வொன்றும் கொஞ்சமாகத்தான் தட்டியது. லட்சம் பேர் ஒரே படலையில் நின்றால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது திறப்பைப் பற்றியது. அடுத்த கட்டம்தான் பெரியம்மாவின் பெட்டிக்குரியது, அதற்கு வேலியைப் பற்றிப் பேச வேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்கு வேலியில் பொட்டு என்றால் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: கிடுகு வேலியில் உக்கிப்போய் விழுந்த ஓட்டை. முதல் நாய் வரும், பிறகு கோழி போகும், பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே குறுக்கு வழி. படலையில் எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும் பொட்டு பொட்டுத்தான். மென்பொருளிலும் அப்படி விழும். எழுதினவரின் கவனக்குறைவால் வரும் ஓட்டை, கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும். கண்டுபிடித்தால் அதற்கு ஒரு இலக்கம் கொடுத்துப் பொதுப் பட்டியலில் பதிவார்கள். 1999இல் தொடங்கிய சிவிஇ என்ற பட்டியல். யாரும் போய்ப் பார்க்கலாம்.

அதில் சிவிஇ-2017-17215 என்று ஒன்று. குவாவே நிறுவனத்தின் எச்ஜி532 என்ற வீட்டு ரவுட்டரில் கண்டது. அந்த ரவுட்டருக்கு 37215ஆம் இலக்கத்தில் ஒரு வாசல் இருந்தது. 'உனக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறது, இந்த விலாசத்தில் போய் எடுத்துக்கொள்' என்று அதற்கு ஒரு கடிதம் அனுப்பலாம். விலாசம் எழுதும் இடத்தில் விலாசம் மட்டும் இருக்கிறதா என்று ரவுட்டர் பார்க்கவில்லை. அதில் எழுதியிருப்பதை அப்படியே உள்ளே கட்டளையாக ஓட்டியது.

பெரியம்மாவுக்கு இதை இப்படிச் சொன்னேன். ஒழுங்கையால் போகிற சின்னப் பெடியனிடம் துண்டு எழுதிக் கடைக்கு அனுப்புகிறீர்கள். 'சந்திக் கடையில் சீனி ஒரு கிலோ.' பெடியன் வாங்கி வருவான். யாரோ அந்தத் துண்டில் 'சீனி ஒரு கிலோ. பிறகு பெரியம்மாவின் அலுமாரித் திறப்பை எடுத்துச் சந்தியில் நிற்கிற ஆளிடம் கொடு' என்று சேர்த்து எழுதிவிட்டான். நல்ல பெடியன், ஏன் என்று கேட்கமாட்டான். இரண்டையும் செய்து முடித்துவிட்டு வந்து நிற்பான். கள்ளன் எழுத வேண்டியிருந்தது இடையில் ஒரு அரைப்புள்ளியோ அதுபோல ஒரு குறியோ மட்டுமே. திருத்தத்தைப் பெறுவதற்காக வைத்த வாசலே பொட்டாகிப்போனது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். பிடித்த என்பது பிழையான சொல், ஆனாலும்.

இந்தப் பொட்டால் நுழைந்த சற்றோரி என்ற மிராயின் வாரிசை 2017 டிசெம்பர் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கண்டபோது, 12 மணிநேரத்துக்குள் 2 லட்சத்து 80 ஆயிரம் விலாசங்களிலிருந்து அது தட்டிக்கொண்டிருந்தது. தட்டியது இரண்டு வாசல்களை. ஒன்று இந்த 37215. மற்றது 52869, ரியல்ரெக் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த பொட்டு. அதன் இலக்கம் சிவிஇ-2014-8361. ஆண்டைப் பாருங்கள். 2014இன் இலக்கம், 2017இல் கொள்ளை. ரியல்ரெக் பெயரில் வீட்டில் ஒரு சாமானும் இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். அவர்கள் செய்வது உள்ளேயிருக்கும் சில்லு. அந்தச் சில்லோடு வரும் மென்பொருளைப் பலப்பல கொம்பனிகள் வாங்கித் தங்கள் பெயரை ஒட்டி விற்றன. கிடுகு ஒரே இடத்தில் முடைந்தது, வேலி ஊரெல்லாம்.

புதிய பொட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமான வேலை, மாதக்கணக்கில் ஆகும். பழைய பொட்டின் இலக்கமும் அது எங்கே என்பதும் பட்டியலிலேயே இருக்கிறது. அடைத்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கள்ளனுடைய கேள்வி. இதில் ஒரு கொடுமையும் உண்டு. நிறுவனம் திருத்தம் வெளியிட்டவுடன் கள்ளன் பழைய மென்பொருளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான். எந்த வரி மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்தது. மிக்ரோரிக் ரவுட்டர்களில் 2018 ஏப்ரலில் ஒரு பொட்டுத் தெரியவந்தது, நிறுவனம் உடனேயே திருத்தம் கொடுத்தது. ஓகஸ்ற்றில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மிக்ரோரிக் ரவுட்டர்கள் யாருக்கோ களவாக மின்காசு தோண்டிக்கொண்டிருந்தன. திருத்தம் கையில் கிடந்து மூன்று மாதம் கடந்திருந்தது.

"அப்ப ஏன் அடைக்கேல்லை?" பெரியம்மா பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கேட்டா. அவவின் கணக்கு நேரானது. பொட்டுத் தெரிந்தால் அடைக்க வேண்டும்.

எங்களூரில் எல்லை வேலிக்கு ஆள் இருக்கிறான். எந்தப் பக்கம் யாருடையது, எந்தக் கதியால் யார் நட்டது என்று எழுபது வருடக் கதை சொல்வார்கள். ஒரு முழ நிலத்துக்காகப் பரம்பரையாக வழக்காடிய குடும்பங்கள் உண்டு. இந்தப் பெட்டியின் வேலி யாருடையது? காசு கட்டியது ரொறன்ரோவிலிருக்கும் மகன். பூட்டியது நகரத்துக் கடைக்காரப் பெடியன். செய்தது பெயர் தெரியாத ஒரு தொழிற்சாலை. இணைப்புக் கொடுத்தது இன்னொரு கொம்பனி. பெரியம்மா வெள்ளிக்கிழமைகளில் தூசு தட்டுகிறா. இவ்வளவு பேரில் வேலி அடைப்பது தன் வேலை என்று நினைப்பவர் ஒருவரும் இல்லை. கைபேசி 'அப்டேற் செய்யட்டுமா' என்று நம்மைக் கேட்டு நச்சரிக்கும். மேசைக்குக் கீழே கிடக்கிற பெட்டி யாரிடம் கேட்கும்?

வீட்டுப் பெட்டியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இலங்கை அரசாங்கத்துக்கே நடந்தது. 2023 ஓகஸ்ற் கடைசியில் அரசாங்க மின்னஞ்சல் சேவை பணயத் தீநிரலில் மாட்டிக்கொண்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 முகவரிகள். மே 17 தொடக்கம் ஓகஸ்ற் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான், அந்தக் காலத்துக்குத் தனியே எடுத்து வைத்த பிரதி இல்லை. அந்தச் சேவை ஓடியது மைக்ரோசொஃப்ற் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பில். அந்தப் பதிப்புக்கு இனித் திருத்தம் இல்லை என்று மைக்ரோசொஃப்ற் 2023 ஏப்ரல் 11உடன் கையைக் கழுவியிருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதலே எண்ணியிருந்தும், காசில்லாததாலும் பழைய தீர்மானங்களாலும் தள்ளிப்போனது என்று பொறுப்பான நிறுவனமே சொன்னது. 2022 இந்த நாட்டில் எப்படிப் போனது என்று கியூவில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் பொட்டுக்குக் காரணம் சொன்னால் நாய் திரும்பிப் போகுமா?

அயலில் இந்தியாவில் 2017 ஜூலைக் கடைசியில் நடந்தது இன்னொரு விதம். அட்மினுக்கு அட்மின் என்று கிடந்த பிஎஸ்என்எல், எம்ரிஎன்எல் மொடெம்கள், செய்திகளின்படி 60,000 வரை, செத்துப்போயின. அடிமையாகவில்லை, செத்தன. பிரிக்கர்பொற் என்ற தீநிரல் அவற்றின் சேமிப்பகத்தை அழித்துவிட்டது. எழுதியவன் தன்னைத் துப்புரவுத் தொழிலாளி என்று பொருள்படும் பெயரால் அழைத்துக்கொண்டான். மிராய் பிடிப்பதற்கு முதல் இவற்றைக் கொன்றுவிடுவது உலகத்துக்கு நல்லதாம். பொட்டு வைத்திருந்தவனின் வீட்டைக் கொளுத்திவிட்டு, இனிக் கள்ளன் வரமாட்டான் என்று ஆறுதல் சொல்கிற மாதிரி. அவனுடைய கோபம் எனக்கு விளங்குகிறது. மொடெம் செத்தவர்களில் பெரியம்மாக்களும் இருந்திருப்பார்கள் என்பதும் விளங்குகிறது.

சரி, இந்தப் பெட்டி. முதலில் கரண்டைக் கழற்றினேன். நினைவகத்தில் மட்டும் இருக்கிற சாதி என்றால் அதோடு போய்விடும். ஆனால் பொட்டு அப்படியே இருக்க மீண்டும் கொழுவினால் சில நிமிடங்களிலேயே திரும்பி வரும், ஊரெல்லாம் தட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள். ஆகவே ரவுட்டருக்குப் போனேன். பூட்டின பெடியன், மகன் ரொறன்ரோவிலிருந்து பார்க்கட்டும் என்று, வெளியிலிருந்து நேரே கமராப் பெட்டிக்குள் போக மூன்று வாசல்களைத் திறந்து வைத்திருந்தான். சாதாரணமாக ரவுட்டர்தான் முன்வேலி. உள்ளே இருப்பவை வெளியாருக்குத் தெரியாது. இவன் வசதிக்காக முன்வேலியில் கண்டாயம் விட்டிருந்தான். மூன்றையும் அடைத்தேன். சாமான்கள் தாங்களாகவே வாசல் திறந்துகொள்ளும் யூபிஎன்பி என்ற வசதியையும் நிறுத்தினேன். ரவுட்டரின் சொந்த மென்பொருளுக்குத் திருத்தம் வந்திருந்தது, போட்டேன். கடவுச்சொல்லை மாற்றி, பெரியம்மாவின் கையெழுத்திலேயே கலண்டருக்குப் பின்னால் எழுத வைத்தேன். கடதாசியில் எழுதக்கூடாது என்பார்கள். இந்தக் கள்ளன் கலண்டரைத் திருப்பிப் பார்க்க வருகிறவன் இல்லை.

கமராப் பெட்டிக்குத் திருத்தம் தேடினேன். பெட்டியிலிருந்த பெயரில் ஒரு இணையத்தளமே இல்லை. மகனுக்கு வொட்ஸ்அப்பில் எழுதினேன்: வேறு வாங்கு, வாங்கும்போது எத்தனை வருடம் திருத்தம் தருவார்கள் என்று கேள். ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29 முதல் அது சட்டம். எல்லாப் பெட்டிக்கும் ஒரே இலேசான கடவுச்சொல்லைப் போட்டு விற்கக்கூடாது, எவ்வளவு காலம் திருத்தம் உண்டென்று எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். ஆகவே லண்டனில் இருக்கிற தங்கச்சியிடம் சொல்லி அங்கே வாங்கி அனுப்பலாம் என்றும் எழுதினேன்.

பச்சை லைற் நின்றிருந்தது. பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. பெரியம்மா அதைக் கையில் எடுத்துத் துடைத்துப் பார்த்தா.

"புதுசு வந்தா இது சும்மாதானே கிடக்கும்? ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பிள்ளை கன நாளாக் கமரா வேணுமெண்டு கேட்டவள். நல்லா வேலை செய்யிற சாமான். குடுக்கட்டே?"

இன்னொரு தேத்தண்ணி போடுங்கோ என்றேன்.